த/பெ இல்லாத நினி

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு சின்னப் படம் இருக்கிறது. ரோமாபுரியில் கழுத்து வெட்டுப்பட்டுச் செத்துப்போன செசிலியா என்கிற கிறிஸ்தவப் புனிதையின் வேதசாட்சி மரணம்தான் படத்தின் விசயம். வரைந்தது வெள்ளைக்காரர் அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முகலாய ஓவியக் கூடங்கள் உச்சத்தில் இருந்த காலத்தில், இந்தியாவில் வாழ்ந்த ஒரு பெண். பெயர் நினி. அவ்வளவுதான். த/பெ இல்லை, க/பெ இல்லை, ஊர் இல்லை, பட்டம் இல்லை. கலை வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினால் இந்தப் பெண்ணுக்கு ஒதுக்கியிருப்பது பெரும்பாலும் ஒரு வரி. வீரிக்ஸ் என்கிற அய்ரோப்பியக் கலைஞரின் அச்சுப்படத்தைப் பார்த்து நகலெடுத்தவர் என்று போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த ஒரு வரியோடு எனக்குத் தகராறு இருக்கிறது. நினி செய்தது நகல் என்கிறது அந்த வரி. நினி யார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் சொல்லாமல் சொல்கிறது. நீ செய்யறது சொந்தமில்ல, நீ யாருன்னும் தெரியல. இந்த ரெண்டு பேச்சையும் நாம வேற எங்கயும் கேட்டதே இல்லையா தோழர்களே?

முதலில் கதை. செசிலியா ரோமாபுரியின் மேட்டுக்குடிப் பெண். கிறிஸ்தவத்தை விடமாட்டேன் என்றதால் மரண தண்டனை. அவருடைய வீட்டுக் குளியலறையிலேயே அடைத்து வெக்கையில் மூச்சுமுட்டிச் சாகவிட்டார்கள். சாகவில்லை. பிறகு கொலையாளி வந்து கழுத்தில் மூன்று தடவை வெட்டினான். தலை விழவில்லை. நான்காவது வெட்டுக்குச் சட்டத்தில் இடமில்லையாம். (கொல்றதுக்கும் ஒரு விதிமுறை வெச்சிருந்தாங்க பாருங்க.) மூன்று நாள் அந்தக் கழுத்தோடு உயிரோடிருந்து, தன் வீட்டைக் கோயிலாக்கச் சொல்லிவிட்டுச் செத்தார் என்பது ஐதீகம். 1599ல் ரோமில் அவருடைய கல்லறையைத் திறந்தார்கள். உடம்பு அழியாமல் இருந்ததாகச் சொன்னார்கள். 1600ல் ஸ்தெஃபானோ மதெர்னோ என்கிற சிற்பி அந்த உடம்பைச் சலவைக்கல்லில் செதுக்கினார். ஒருக்களித்துக் கிடக்கும் உடம்பு. முகம் திரும்பியிருக்கிறது, நமக்குத் தெரியாது. கழுத்தில் வெட்டு மட்டும் தெரியும். பரோக் என்று சொல்லப்படும் கலைக்காலம் தொடங்கும்போது செய்த சிற்பம் அது.

பரோக் என்றால் என்ன என்று பெரிய வியாக்கியானம் வேண்டாம். சீர்திருத்தச் சபை ஆட்கள் பலர் படங்களையும் சுரூபங்களையும் எதிர்த்தபோது கத்தோலிக்கத் திருச்சபை மாற்றி யோசித்தது. 1563ல் திரெந்து பொதுச்சங்கம் படங்களை வைத்துச் சனங்களுக்கு விசுவாசத்தைப் போதிக்கலாம் என்று முடிவெடுத்தது. அதற்குப் பிறகு வந்த கலையில் ரத்தம், கண்ணீர், மேலே பார்க்கும் கண், திடீர் வெளிச்சம், பார்ப்பவனைப் பிடித்து உலுக்குகிற வேகம். அந்த உலுக்கலை ஊர் ஊராகக் கொண்டு போனவை பெரிய ஓவியங்கள் அல்ல, அச்சுப்படங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுப்பது. ஆண்ட்வெர்ப் நகரத்தில் வீரிக்ஸ் சகோதரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சேசு சபையாருக்காக எக்கச்சக்கமாகச் செதுக்கினார்கள். அவர்களில் ஒருவரான ஹீரோனிமஸ் வீரிக்ஸ் 1619ல் இறந்தார். அவருடைய செசிலியாதான் நினியின் கைக்கு வந்தது.

எப்படி வந்தது? கப்பலில் கோவாவுக்கு, அங்கிருந்து சேசு சபைச் சாமியார்களின் மூட்டையில் முகலாய அரசவைக்கு. 1580ல் அக்பர் கூப்பிட்டு முதல் குழு ஃபதேபூர் சிக்ரிக்குப் போனது. ஆண்ட்வெர்ப்பில் அச்சடித்த எட்டு வால்யூம் பல மொழி விவிலியத்தைக் கொடுத்தார்கள். அதன் படங்களை அரசவை ஓவியர்கள் மொய்த்துக்கொண்டார்கள். பிறகு வந்த குழுக்களும் படங்களைக் கொண்டு வந்தன. இளவரசர் சலீம், பிற்கால ஜஹாங்கீர், அதை விடாமல் சேர்த்தார். சாமியார்கள் அரசன் மதம் மாறுவான் என்று காத்திருந்தார்கள். அரசன் மாறவில்லை. ஓவியர்கள்தான் அந்தக் காகிதங்களை உருப்படியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இதே சேசு சபை அதே ஆண்டுகளில் நம்ம பக்கம் என்ன செய்தது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். 1606ல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அங்கே பரவர்களுக்காக ஏற்கெனவே கோயில் வைத்திருந்த சாமியாரிடமிருந்து பிரிந்து தனி வீடு, தனிக் கோயில், பார்ப்பனச் சமையல்காரர், காவி, பூணூல் என்று போய்விட்டார். மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரச்சாமி என்று பின்னால் அதையே ஏற்பாடாக ஆக்கிக்கொண்டார்கள். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதி பிரிக்கச் சுவர் வைத்த கதை உங்களுக்குத் தெரியும். கல்லறையில் தனிக் குழி கேட்டுச் சண்டை போடுகிற ஊர்கள் இன்னமும் இருக்கின்றன. அரண்மனைக்குள் காகிதமாகப் போன அதே செசிலியா, சேரிக்குள் சுரூபமாக வந்தபோது தேர் எந்தத் தெருவோடு நிற்கணும்னு கேள்வி வந்துருச்சு. அந்தக் காகிதத்தை எடுத்த நினி கிறிஸ்தவரா இல்லையா என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கையில் தொழில் இருந்தது, படத்தைக் கொடுத்தார்கள்.

இனி நகல் விசயத்துக்கு வருவோம்.

1600ல் அதே முகலாயக் கூடத்தில் அபுல் ஹசன் என்கிற பையன் ஒரு படம் வரைந்தான். ஜெர்மானிய மேதை டியூரர் 1511ல் செதுக்கிய சிலுவைக் காட்சியில் நிற்கும் யோவானைப் பார்த்து வரைந்தது. பையனுக்கு வயது 13. இன்று அது ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதாத கலை வரலாற்று ஆசிரியர் குறைவு. நகல் என்று யாரும் அதை ஒதுக்குவதில்லை. பையனின் மேதைமை என்கிறார்கள், டியூரரின் துணி மடிப்பைத் தன் கோட்டில் எப்படி மாற்றினான் பாருங்கள் என்கிறார்கள். சரிதான், படம் நல்ல படம். ஆனால் பையனுக்குத் தகப்பன் உண்டு. ஆகா ரிசா, சலீமிடம் வேலை பார்த்த பெயர்பெற்ற ஓவியர். பையன் வளர்ந்து 1618ல் ஜஹாங்கீரிடம் ‘காலத்தின் அதிசயம்’ என்று பட்டமும் வாங்கினான். பட்டமும் தகப்பனும் இருந்தால் நகலெடுப்பது பயிற்சி, மேதைமையின் முதல் படி. இல்லாவிட்டால் நகல் வெறும் நகல்.

அந்தக் காலத்து அரசவையில் நகல் கேவலமான வேலையும் கிடையாது. 1616ல் ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ ஒரு சின்ன ஓவியத்தை ஜஹாங்கீருக்குக் காட்டினார். இதைப்போல என் ஓவியர்கள் செய்வார்கள் என்று பாதுஷா பந்தயம் கட்டினார். ஒருநாள் ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆறு படங்களை வைத்து, உன்னுடையதை எடு பார்க்கலாம் என்றார். அஞ்சு நகல், ஒண்ணு அசல். கொஞ்ச நேரம் தடுமாறிப்போனதாகத் தூதரே எழுதி வைத்திருக்கிறார். பாதுஷாவுக்கு ஒரே சந்தோசம். அசல் பெருசு நகல் சிறுசு என்கிற கணக்கு அந்த மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

நமக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் சுவரில் அம்பேத்கர் இருக்கிறார். நீலக் கோட்டு, கண்ணாடி, பையில் பேனா, கையில் சட்டப் புத்தகம். எல்லாமே ஏதோ ஒரு புகைப்படத்தின் நகலின் நகல். ஒரு ஊரில் தாடை அகலம். இன்னொரு ஊரில் பெயிண்டர் தன் மாமன் மூக்கையே வைத்துவிட்டிருப்பார். ஒரு ஊரில் பாபாசாகேப் நம்மைவிடக் கறுப்பு, அடுத்த ஊரில் ரோஸ் நிறம். அந்தச் சுவர்களில் ஒன்றைக் காட்டி இது நகல்தானே என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம். அந்தப் படத்தின்மேல் சாணி அடிக்கிறவனுக்குத் தெரியும் அது நகல் இல்லை என்று. சிலைக்குக் கம்பிக்கூண்டு போடுகிற அரசாங்கத்துக்கும் தெரியும். நீலக் கோட்டை முதல் தடவை வரைந்தவனைவிட, எதிர்ப்பு இருக்கிற ஊரில் நூறாவது தடவை வரைகிறவனுக்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும்.

நினியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். வேற தேசம், வேற மதம், வேற உடுப்பு. செப்புத் தகட்டில் உளியால் இழுத்த கோட்டைத் தூரிகையால் இழுக்க வேண்டும். அச்சுப்படத்தில் நிழல் என்பது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கோடு. முகலாயக் கையோ நிழலை மெல்லிய சாயமாகத் தடவிப் பழகிய கை. ஒன்றை இன்னொன்றாக மாற்ற ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவெடுக்கணும். கழுத்து வெட்டுப்பட்ட ஒரு பெண்ணின் வேதனையை இன்னொரு பெண் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக முடிவெடுத்து வரைந்திருக்கிறார். இதை ஒரு வரியில் முடிக்க எப்படித்தான் மனசு வருது?

போன மாதம் தருமபுரியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி இந்தப் படத்தைச் செல்போனில் காட்டியபோது ரெண்டு விதமாகப் பேச்சு வந்தது. பாதுஷா அரண்மனை, பாதிரியார் படம், இதுல நமக்கு என்ன வேலை என்றார் ஒரு தோழர். அவருக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். இன்னொரு தம்பி எழுந்து, குலப்பெயர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, அப்ப நினி நம்ம ஆளாத்தான் இருக்கணும், நாம உரிமை கொண்டாடணும் என்றார். கை தட்டினார்கள். எனக்கு இந்தப் பேச்சுதான் முந்தையதைவிட ஆபத்தாகப் படுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். நினியின் காலத்துப் பெண் ஓவியர்களில் நாதிரா பானு என்று ஒருவர் உண்டு. அவரும் அய்ரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்தவர். தெஹ்ரானில் குலிஸ்தான் அரண்மனையில் இருக்கும் படத்தொகுப்பில் அவர் வேலை இருக்கிறது. மீர் தகியின் மகள், ஆகா ரிசாவின் மாணவி என்று அவருக்குத் தகப்பன், வாத்தியார் இரண்டும் பதிவாகியிருக்கிறது. அபுல் ஹசனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆகா ரிசா. அதற்கு முந்தைய தலைமுறையில் தஸ்வந்த் இருந்தார். பல்லக்குத் தூக்குகிற கஹார் ஒருவரின் மகன். சுவர்களில் படம் கிறுக்கிக்கொண்டு திரிந்தவரை அக்பர் ஒருநாள் பார்த்து, அப்துஸ் சமத் என்கிற தலைமை ஓவியரிடம் ஒப்படைத்தார். கொஞ்ச காலத்தில் எல்லோரையும் தாண்டிவிட்டார். மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தபோது, அந்த ரஸ்ம்நாமாவின் படங்களில் பலவற்றுக்கு அமைப்புப் போட்டவர் தஸ்வந்த். 1584ல் தற்கொலை செய்துகொண்டார். புத்தி பேதலித்துவிட்டது என்கிறார் அபுல் ஃபசல். பல்லக்குத் தூக்கி மகன் பாதுஷா கூடத்தில் தினமும் என்ன கேட்டிருப்பான், எதைப் பொறுத்திருப்பான் என்பதற்கு அபுல் ஃபசலிடம் பத்தி இல்லை.

ஆக அந்தக் கூடங்களில் உழைக்கும் சாதி ஆட்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள். இதற்கு ஆதாரம் இருக்கிறது, அதை உரக்கச் சொல்லலாம். ஆனால் நினி எந்தச் சாதி என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இல்லாத வம்சாவளியை எழுதுவது யார் பழக்கம்? மன்னனுக்குச் சூரிய குலம் எழுதிக் கொடுத்தவன், சாதிச் சங்க மாநாட்டு மலரில் சேர சோழ பாண்டியனைத் தாத்தாவாகப் போடுகிறவன், இவன் பழக்கம் அது. இந்த மாவட்டத்தில் எத்தனை சாதிக்கு எத்தனை அரச பரம்பரை என்று டிஜிட்டல் பேனரைப் பார்த்தாலே தெரியும். தகப்பன் பெயரைத் தேடிக் கண்டுபிடிச்சு ஆளுக்கு மதிப்புப் போடறதுதான் சாதி. நினிக்கு நாமும் ஒரு தகப்பனைத் தேட வேண்டாம். இருக்கிற ஒற்றைப் பெயரே போதும்.

கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பிழைக்கிறவனாக எனக்கு இந்த த/பெ, க/பெ விசயத்தில் ஒரு தனி உறுத்தல் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியதே இந்த மாவட்டத்தில்தான். 1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, 2004ல்தான் பிரிந்தது. நானெல்லாம் அப்போ இடுப்புக் குழந்தை. வங்கி வாசலையே மிதிக்காத பெண்கள் குழுவாகக் கணக்குத் தொடங்கினார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துக்கு மாறியது பெரிய கதை, அதை எழுத வேற ஆள் வரணும்.

நான் பார்ப்பது அதன் வால் மட்டும். இப்போதும் சில வயசான அம்மாக்கள் வருகிறார்கள். சுருக்குப் பையிலிருந்து ஒரு மடித்த துண்டுச் சீட்டு வெளியே வரும். பேத்தி எழுதிக் கொடுத்த பெயர். சீட்டை இடது பக்கம் வைத்துக்கொண்டு, படிவத்தில் வலது பக்கம் அதைப் பார்த்துப் பார்த்து, ‘மு’வின் சுழிப்பில் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த எழுத்துக்குப் போவார்கள். எழுத்தாக அல்ல, உருவமாக. கோலம் போடுகிற கைதானே, வளைவு தப்பாது. “கண்ணு, சரியா வந்திருக்கான்னு பாரு” என்பார்கள். நான் பார்ப்பேன். கணக்குத் தொடங்கியபோது வாங்கி வைத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகணும் என்பதுதான் எங்கள் விதி. அதாவது வங்கி உன்னிடம் கேட்பதே நகலைத்தான். உன் கையெழுத்தை நீயே எவ்வளவு சரியாக நகலெடுக்கிறாய் என்று பார்த்துத்தான் பணம். பெரிய முதலாளிக்கும் இதே விதி, ஆனால் அவர் கிறுக்கினால் அது ஸ்டைல்.

பெயருக்கு அடுத்த கட்டம் த/பெ அல்லது க/பெ. அந்தக் கட்டத்தில் அம்மா பெயரோ, பேத்தி பெயரோ வருவதில்லை. கணவன் செத்து இருபது வருசம் ஆனாலும் அந்தக் கட்டத்துக்கு அவன்தான் வருவான்.

முகலாயச் சுவடிகளில் படத்துக்குக் கீழே ஓரத்தில் ஓவியர் பெயரை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் நூலகக் குமாஸ்தாக்கள். சிவப்பு மையில் எழுதுவார்கள். யார் உருவம் போட்டது, யார் வண்ணம் தீட்டியது, யார் முகம் எழுதியது என்று பிரித்துப் பிரித்து எழுதிய ஏடுகளும் உண்டு. கணக்குக்காகத்தான். ஆனால் அந்தக் கணக்குப் புத்திதான் இன்று நமக்குக் கிடைத்திருக்கிற பல பெயர்களைக் காப்பாற்றிக் கொடுத்தது. என் தொழிலுக்கு நான் பெருமைப்படுகிற சந்தர்ப்பம் ரொம்பக் குறைவு. இதுல ஒண்ணு.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரில், யாருடைய சேவகன், எந்த மாடுபிடிச் சண்டையில் செத்தான் என்று பல கற்களில் எழுத்து இருக்கிறது. கல்லை உடைத்துக் கொண்டுவந்து உளி பிடித்தவன் பெயர்? அந்த வீரனுக்குப் படையல் வைத்த பெண்கள் பெயர்?

இத்தாலியில் பொலோனா நகரத்தில் நினிக்கு அடுத்த தலைமுறையில் எலிசபெத்தா சிரானி என்று ஒரு பெண் ஓவியர் இருந்தார். 1638ல் பிறந்து 1665ல் 27 வயதில் செத்துப் போனார். அதற்குள் 200 அளவுக்கு ஓவியங்கள். மாதா, குழந்தை இயேசு, புனிதர்கள் என்று பரோக் பக்திப் படங்கள்தான் பெரும்பாலும். தூரிகையை மையில் தோய்த்து நேராகக் காகிதத்தில் இழுத்த அவருடைய கோட்டோவியங்களில் ஒரு வேகம், ஒரு அவசரம். தகப்பனும் ஓவியர். அவருக்குக் கீல்வாதத்தால் கை விளங்காமல் போக, மகள் வரைந்துதான் குடும்பம் சாப்பிட்டது. ஒரு பொம்பள இவ்வளவு வேகமா வரைய முடியுமா, அப்பன்தான் போட்டுக் கொடுக்கிறான் என்று ஊர் பேசியது. அதனால் ஆட்களை வரச்சொல்லி அவர்கள் கண்ணெதிரே வரைந்து காட்டினார். செய்த வேலையை எல்லாம் தேதி வாரியாகக் குறித்து வைத்தார். கையெழுத்தைப் படத்தின் மூலையில் போட்டதோடு நிற்கவில்லை. தலையணையின் தையலில், சட்டைப் பொத்தானில், துணிக் கரையில் எல்லாம் போட்டார். பிடுங்கிக்கொண்டு போக முடியாத இடமாகப் பார்த்துப் பேரை எழுதுகிற அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெண்ணிய வரலாற்று ஆசிரியர்கள் சிரானியை மீட்டெடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பெண் இருந்தார். லூசியா தொலொமெல்லி. வேலைக்காரி. சிரானி திடீரென்று வயிற்று வலியில் செத்ததும் விசம் வைத்துவிட்டாள் என்று லூசியாவைப் பிடித்தார்கள். சாவுக்குச் சில நாள் முன்னால் இந்த வீட்டில் இனி வேலை செய்ய மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். சந்தேகத்துக்கு அது போதுமாக இருந்தது. வேலையை விடுகிறேன் என்று ஒரு வேலைக்காரி சொல்வதே குற்றத்துக்கு அடையாளம். வழக்கு 1666 வரை நடந்தது. விசம் நிரூபணமாகவில்லை. வயிற்றுப்புண் ஓட்டை விழுந்து செத்திருக்கலாம் என்பதுதான் இன்றைய கருத்து. சிரானியைப் பெரிய சடங்கோடு சான் தொமெனிகோ கோயிலில், குய்தோ ரேனி என்கிற மாபெரும் ஓவியரின் கல்லறையிலேயே சேர்த்து அடக்கம் செய்தார்கள். லூசியாவின் பெயர் நமக்குக் கிடைத்தது நீதிமன்றக் கட்டிலிருந்து. குற்றம் சாட்டியிராவிட்டால் அந்தப் பெயரே கிடையாது.

எங்க மாவட்டத்து ஆளுக்கு இதைப் படித்தால் வாச்சாத்தி ஞாபகம் வராமல் இருக்காது. 1992 ஜூன் 20. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மொத்தமாக அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். அதிகாரப் பதிவேட்டில் அந்த மக்களின் பெயர் முதலில் ஏறியது பாதிக்கப்பட்டவர்களாக அல்ல, சந்தனமரம் கடத்தியவர்களாக. ஜெயிலுக்குப் போனவர்கள் அவர்கள்தான். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொல்ல 2011 ஆகிவிட்டது. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023ல். முப்பத்தொரு வருசம். நம்ம பெண்களின் பெயரை அரசாங்கம் எழுதத் தெரியாமல் இல்லை. எந்தப் பதிவேட்டில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில் அது ரொம்பத் தெளிவாக இருக்கிறது.

அதனால்தான் நினி என்கிற ஒற்றைப் பெயர் எனக்கு லேசான விசயமாகப் படவில்லை. குற்றப் பதிவில் இல்லை. இன்னாரின் மனைவி என்கிற கட்டத்தில் இல்லை. தான் செய்த வேலையோடு சேர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். வரலாற்றில் உழைக்கிற பெண்ணின் பெயர் இப்படி நிற்பது எத்தனை அபூர்வம் என்று யோசியுங்கள். கிடைக்காத தகப்பனுக்காக அங்கலாய்க்கிற கலை விமர்சகருக்கு இது குறை. நமக்கு இது குறையா?

இயக்கத்திடமும் ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்காமல் முடித்தால் நான் பேசியது எல்லாம் லண்டன் பேச்சாகப் போய்விடும். ஏப்ரல் 14 வருகிறது. சுவர் பிடித்து, வெள்ளை அடித்து, அம்பேத்கர் எழுதப் போகிறோம். கீழே வலது மூலையில் என்ன வரும் என்று எனக்கு இப்பவே தெரியும். உபயம் என்று போட்டு ஒன்றியம், கிளை, பொறுப்பாளர் பெயர்கள் பட்டையாக. ரொம்பக் கெஞ்சினால் பெயிண்டரின் செல் நம்பர் சின்னதாக. காலையில் எழுந்து அந்தச் சுவரின் பாசியைச் சுரண்டியவர்கள், சுண்ணாம்பு கரைத்தவர்கள், அடி வெள்ளை அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். போன வருசம் எங்க ஊர்ப் பக்கம் ஒரு காலனியில், பெயிண்டர் போதையில் வராமல் போனதால், பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு பழைய காலண்டரைப் பார்த்து முகத்தையே எழுதி முடித்தாள். கண்ணாடியின் ஒரு பக்கம் கொஞ்சம் பெரிசு. நல்லாத்தான் இருக்கு. மூலையில் பதினோரு ஆண்களின் பெயர் இருக்கிறது. அந்தப் பொண்ணு பெயர் இல்லை.

நம்ம பத்திரிகைகளும் ஒழுங்கில்லை. அட்டைப்படம் வரைந்தவர் பெயரை இரண்டாம் பக்கத்தின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்குச் சமைத்தவர், பேனர் தைத்தவர், தட்டச்சு செய்தவர் பெயரெல்லாம் எங்கும் வருவதில்லை. கவிதை எழுதுகிற என் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் வந்துவிடுகிறது.

இந்த ஏப்ரலுக்குச் சுவர் எழுதும்போது மூலையில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். பாசி சுரண்டியவர், சுண்ணாம்பு கரைத்தவர், முகம் எழுதியவர் என்று அந்த முகலாயக் குமாஸ்தா மாதிரி பிரித்தே எழுதலாம், இடம் இருக்கிறது. தலைப்பெழுத்து வேணுமா, வேணும்னா அப்பா எழுத்தா அம்மா எழுத்தா, இல்லை வெறும் பெயரே போதுமா என்பதை மட்டும் நீங்களாக முடிவு பண்ணாமல் அவங்ககிட்டக் கேட்டுக்கோங்க.